முதிய வாத்தியாரின் கலை காலாவதியாகுமா?



கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் கல்மண்டபத்தைச் சுற்றியுள்ள மஹல்லாக்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. பிள்ளைகளைக் கைப்பேசியிலிருந்து சற்றே விலக்கி, உடலுக்கும் உள்ளத்துக்கும் பயன் தரும் ஒன்றைக் கற்பிக்க வேண்டும். தற்காப்புக் கலை வகுப்பு ஒன்று நடத்தினால் என்ன? இதுவரை எல்லோரும் ஒத்துப்போவர். யார் கற்பிப்பது என்ற கேள்வி வரும்போதுதான் கருத்து இரண்டாகப் பிரியும். “நமக்கெல்லாம் கம்பு பிடிக்கச் சொல்லித்தந்த வாத்தியார் இன்னும் இருக்கிறாரே, அவரையே கேட்போம்” என்பர் பெரியவர்கள். “அவருடைய காலம் வேறு, இந்தக் காலம் வேறு, சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் ஒருவரை அழைப்போம்” என்பர் இளைஞர்கள்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒருவரின் வாழ்நாள் உழைப்பை ஒரே சொல்லில் தள்ளிவிடுவது நன்றி மறத்தலாகும். அதேவேளை, மரியாதை ஒன்றையே காரணமாகக் கொண்டு பிள்ளைகளின் உடலை ஒருவரிடம் ஒப்படைப்பதும் அமானிதத்துக்குப் பொருந்தாது. ஆகவே, முதிய பயிற்றுநரின் அறிவில் எது காலத்தோடு தேய்கிறது, எது தேயாமல் நிற்கிறது என்பதை வரலாற்றின் துணைகொண்டு நிதானமாக ஆராய்வோம்.

பழைய மதில் சொல்லும் செய்தி

கல்மண்டபத்திலிருந்து தெற்கே நடந்தால் பழைய ஜெயில் சாலை வரும். அங்கே மதில் ஒன்றின் எச்சம் இன்றும் நிற்கிறது. அதன் மேல்தளம் ‘மாடிப் பூங்கா’ ஆகி, மக்கள் காற்று வாங்கும் இடமாயிற்று. அது பூங்காவாகக் கட்டப்பட்டதன்று. 1767ஆம் ஆண்டிலும் 1769ஆம் ஆண்டிலும் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிகள்வரை வந்து சென்றது. ஹைதர் அலியின் வேகத்தைக் கண்டு அஞ்சிய கும்பினியார், கறுப்பர் நகரம் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுனின் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினர். பால் பென்ஃபீல்டு என்பவர் அதனை ஒப்பந்தம் எடுத்துக் கட்டினார். மதிலுக்கான செலவை ஊர்மக்களிடம் வரியாகப் பெற எண்ணியதன் நினைவாகவே வால்டாக்ஸ் சாலை என்ற பெயர் இன்றளவும் வழங்குகிறது.

அம்மதிலைத் திட்டமிட்டோர் அறிவிலிகளல்லர்; தம் காலத்து ஆபத்தை நன்கு அறிந்தவர்கள். பாய்ந்து வரும் குதிரைப்படையைத் தடுக்க மதிலே தக்க விடை. பின்னர் ஆபத்து தன் உருவை மாற்றிக்கொண்டது; மதில் பெரும்பாலும் இடிக்கப்பட்டது; எஞ்சிய பகுதி பூங்காவாயிற்று. தற்காப்பு அறிவு ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆபத்துக்கு அளிக்கப்பட்ட விடையாகவே பிறக்கிறது. வினா மாறும்போது விடையையும் மீண்டும் சோதித்துப் பார்ப்பது அவசியமாகிறது. கற்களுக்கு அது இயலாது. மனிதருக்கு இயலும். எனவே, முதிய வாத்தியார் ஒருவரைப் பற்றி நாம் கேட்க வேண்டிய முதற்கேள்வி அவருடைய வயதைப் பற்றியதாக இருத்தலாகாது. அவர் தம் விடைகளை மறுபடி சோதித்துக்கொண்டே வந்தாரா என்பதே அக்கேள்வி.

முதுமையிலும் வில்லேந்திய நபித்தோழர்

இக்கேள்விக்கு நம் முன்னோரின் வாழ்விலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உக்பா இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் குர்ஆனை இனிமையாக ஓதுவதிலும் மார்க்கச் சட்ட அறிவிலும் பெயர்பெற்ற நபித்தோழர். முஆவியா (ரலி) அவர்களின் ஆட்சியில் எகிப்தின் ஆளுநராகப் பணியாற்றியவர். அவர் முதிர்ந்த வயதிலும் அம்பெய்தல் பயிற்சியை விடவில்லை. இரு இலக்குகளுக்கிடையே அவர் நடந்து நடந்து பயிற்சி செய்வதைக் கண்ட ஒருவர், இவ்வளவு வயதான பின் தாங்கள் ஏன் இத்துணைச் சிரமம் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று வினவினார். நபி (ஸல்) அவர்களிடமிருந்து தாம் செவியுற்ற ஒரு செய்தி இல்லையெனில் இச்சிரமத்தை மேற்கொண்டிருக்கமாட்டேன் என்று அவர் விடையளித்தார். அம்பெய்யக் கற்றுக்கொண்ட பின் அதனைக் கைவிடுபவரைக் கண்டிக்கும் செய்தி அது. ஸஹீஹ் முஸ்லிமில் இந்நிகழ்வு பதிவாகியுள்ளது.

இந்த ஹதீஸைப் பலர் வீரத்தின் சிறப்பைச் சொல்லும் செய்தியாக மட்டுமே எடுத்துக்கொள்வர். அதில் வேறொரு நுட்பமும் உண்டு. உக்பா (ரலி) தம் இளமையில் பெற்ற திறமையைப் பேசிப் பெருமை கொள்ளவில்லை. “நான் அந்தக் காலத்தில் எப்படி எய்தேன் தெரியுமா” என்று திண்ணையில் அமர்ந்து கதை சொல்லவில்லை. கால் வலித்தாலும் இலக்குவரை சென்று, எய்த அம்பு எங்கே தைத்தது என்று தாமே பார்த்து, மீண்டும் எய்தார். ஆசான் என்ற தகுதி ஒருமுறை கிடைத்துவிட்டால் ஆயுள் முழுதும் நிலைக்கும் என்று அவர் கருதவில்லை என்பது இதனால் விளங்கும்.

அதே உக்பா (ரலி) அறிவிக்கும் மற்றொரு ஹதீஸில், குர்ஆன் கூறும் ‘வலிமை’ என்பதற்கு நபி (ஸல்) அவர்கள் ‘ரம்யு’ என்று விளக்கம் தந்தார்கள். அம்பெய்தலைக் குறித்து வழங்கிய அச்சொல்லுக்கு அரபு மொழியில் எறிதல், எய்தல் என்ற பரந்த பொருளும் உண்டு. வில் என்ற கருவியின் பெயர் அங்கே இல்லை. கருவி மாறினும் நோக்கம் மாறாதிருக்க அச்சொல் இடமளிக்கிறது.

குதிரை வீரர்கள் தோற்ற நாள்

கருவியையே கலை என்று எண்ணிவிட்டால் என்ன நேரும் என்பதற்கும் முஸ்லிம்களின் வரலாற்றிலேயே சான்று உண்டு. எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட மம்லூக்குகள், 1260ஆம் ஆண்டு ஐன் ஜாலூத்தில் மங்கோலியப் படையை முறியடித்தவர்கள். குதிரையேற்றம், வில், வாள், ஈட்டி ஆகியவற்றை ஒருங்கே கற்பிக்கும் ‘ஃபுரூஸிய்யா’ எனும் கலையில் அவர்களுக்கு நிகரானவர் அந்நாளில் அரிது. அக்கலைக்கென ஆசான்கள் இருந்தனர், பயிற்சிக் களங்கள் இருந்தன, நூல்கள் எழுந்தன. 14ஆம் நூற்றாண்டில் தைபுஃகா என்பவர் அம்பெய்தல் குறித்து எழுதிய நூல் அவற்றுள் புகழ்பெற்றது.

ஆனால் துப்பாக்கி வந்தபோது அந்த ஆசான்களும் அவர்களுடைய மாணவர்களும் அதனை இழிவாகக் கருதினர். குதிரைமீது அமர்ந்து அதனைக் கையாள்வது கடினம். தரையில் நின்று சுடுவதோ தம் குலப்பெருமைக்கு இழுக்கு என்று எண்ணினர். கோட்டை முற்றுகைக்குப் பீரங்கியைப் பயன்படுத்தியவர்களே திறந்த களத்தில் அதனை ஏற்கத் தயங்கினர். சுல்தான் கான்ஸூஹ் அல்ஃகூரீ துப்பாக்கி ஏந்திய புதிய படைப்பிரிவு ஒன்றை உருவாக்கிப் பார்த்தார். அதில் மம்லூக்குகள் சேரவில்லை. பிறரையே சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படைக்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1516 ஆகஸ்டில் அலெப்போவுக்கு வடக்கே மர்ஜ் தாபிக் களத்தில் உஸ்மானியரின் பீரங்கிகளும் துப்பாக்கிகளும் அவர்களை எதிர்கொண்டன. முதியவரான சுல்தான் களத்திலேயே உயிர்நீத்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் கெய்ரோவும் வீழ்ந்தது. தம்முள் எழுந்த துரோகமும் அத்தோல்விக்கு ஒரு காரணமே. எனினும், இருநூற்றைம்பது ஆண்டுத் தேர்ச்சி அந்நாளில் அவர்களைக் காக்கவில்லை.

இதற்கு மாறான காட்சியை நம் தமிழ்மண்ணிலேயே காணலாம். பழைய ஜெயில் சாலை மதிலுக்குக் காரணமான அதே ஹைதர் அலி, 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தார். அவரிடம் பழைய குதிரைப்படை இருந்தது. அத்துடன் பிரெஞ்சு அதிகாரிகளிடம் பயிற்சி பெற்ற காலாட்படையும் பீரங்கிகளும் இருந்தன. மூங்கில் கழியில் இரும்புக் குழலைக் கட்டி ஏவும் ஏவுகணைகளும் இருந்தன. குதிரை வீரனின் வேகத்தை அவர் கைவிடவில்லை. அதனருகே புதியதையும் நிறுத்தினார். மம்லூக்கு ஆசான்களும் ஹைதரும் ஒரே குதிரையேற்ற மரபை அறிந்தவர்களே. புதியது வந்து வாசலில் நின்றபோது அதனைக் கற்கத் துணிந்தார்களா என்பதில்தான் வேறுபாடு.

மர்ஜ் தாபிக்குக்குப் பின் தைபுஃகாவின் நூல் குப்பைக்குப் போய்விடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். 1970இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்ட அந்நூலைப் பழைய முறையில் வில்பயிற்சி செய்வோர் இன்றும் நாடுகின்றனர். போர்க்களத்தில் வில்லுக்கு இடமில்லாது போயிற்று. ஆயினும் எப்படி நிற்பது, நாணை எப்படி இழுப்பது, கையின் நடுக்கத்தை எப்படி அடக்குவது என்று அவர் எழுதியவை செல்லாதவையாகவில்லை.

வடசென்னையின் வாத்தியார்கள்

இனி நம் தெருவுக்குத் திரும்புவோம். வடசென்னையில் ‘வாத்தியார்’ என்ற சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய பொருள் உண்டு. சிலம்பம் கற்பிப்பவரும் வாத்தியார். குத்துச்சண்டை கற்பிப்பவரும் வாத்தியார். இந்த வாத்தியார் மரபே காலத்துக்கேற்ப ஏற்கெனவே மாறிவந்த மரபு என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

பாளையக்காரர் போர்களுக்குப் பின், 1801 டிசம்பரில் சென்னை மாகாண ஆளுநர் எட்வர்டு கிளைவ் தென்பகுதி மக்களின் ஆயுதங்களைக் களையும் பிரகடனத்தை வெளியிட்டார். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுதும் அப்பிடியை இறுக்கியது. வாளும் வேலும் பொதுவாழ்விலிருந்து விலகிய காலத்தில் கம்பு எஞ்சியது. திருவிழாக்களிலும் கந்தூரி ஊர்வலங்களிலும் திருமண ஊர்வலங்களிலும் சிலம்பம் ஆடப்பட்டது. ஆட்டம் தொடங்குமுன் ஆசானுக்கும் அவைக்கும் வணக்கம் செலுத்தும் அடவுக்குச் ‘சலாம் வரிசை’ என்ற பெயர் வழங்குவது, இக்கலையில் நம் முன்னோரும் கலந்திருந்தனர் என்பதை நினைவூட்டுகிறது.

ராயபுரத்தில் 1856இல் ரயில் நிலையம் திறக்கப்பட்டது. துறைமுகம் வளர்ந்தது. வெள்ளையர் படைவீரர்களும் மாலுமிகளும் ஆங்கிலோ இந்தியரும் ஆடிய குத்துச்சண்டை வடசென்னைத் தொழிலாளர் தெருக்களுக்கும் வந்தது. குத்துவரிசை என்ற பெயரில் வெறுங்கைச் சண்டையை முன்பே அறிந்திருந்த மண், கையுறையையும் மணியோசையையும் ஏற்றுக்கொண்டது. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று வாத்தியார் வழியில் பரம்பரைகள் உருவாயின. மீனவரும் துறைமுகத் தொழிலாளரும் தலித் மக்களும் கிறித்தவரும் முஸ்லிம்களும் அதில் கலந்திருந்தனர். ‘ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை’ என்ற சுவரொட்டிகளைப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். 2021இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படத்தால் இன்றைய பிள்ளைகளும் அப்பெயரை அறிந்தனர்.

அந்தப் பந்தயங்கள் பின்னாளில் நின்றுபோயின. மோதலும் வன்முறையும் மேடையை விட்டுத் தெருவுக்கு இறங்கியது அதற்கு ஒரு காரணம். பந்தயம் நின்றபோது வாத்தியார்களின் நிலை என்னவாயிற்று? சிலர் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கான போட்டி விளையாட்டின் விதிகளைப் புதிதாகக் கற்றுப் பயிற்றுநர்களாயினர். சிலர் பழைய வெற்றிகளின் கதையோடு நின்றுவிட்டனர். இரு சாராரும் ஒரே களத்தில் வியர்வை சிந்தியவர்களே. பயன் யாரிடம் தொடர்ந்தது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பெரியமேட்டுக்கு வந்த முஹம்மது அலி

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முஹம்மது அலி சென்னைக்கு வந்தார். பெரியமேட்டிலுள்ள நேரு விளையாட்டரங்கில், முன்னாள் உலக வாகையர் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டியில் மோதினார். வடசென்னையின் குத்துச்சண்டை ஆர்வலர்களுக்கு அது பெருநாள் போன்ற நாள். கொள்கைக்காகப் பட்டத்தையும் பொருளையும் இழந்த ஒரு முஸ்லிம் சகோதரர் என்பதால் நம் வீடுகளில் அவருக்குத் தனி இடம் இருந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று, ஓய்விலிருந்து திரும்பிய அலி, லாஸ் வேகஸில் லாரி ஹோம்ஸை எதிர்கொண்டார். அப்போது அவருக்கு வயது 38. பத்துச் சுற்றுகள் அவர் அடி வாங்கினார். பத்தாம் சுற்றின் முடிவில் அவருடைய பயிற்றுநர் ஆஞ்சலோ டண்டி போட்டியை நிறுத்தினார். அலியின் மூலையில் இருந்த சிலர் அதனை எதிர்த்தனர், டண்டி இணங்கவில்லை. அலியின் மருத்துவராக இருந்த ஃபெர்டி பச்சீகோ அதற்கும் முன்னரே, 1977இல் எர்னி ஷேவர்ஸுடன் நடந்த போட்டிக்குப் பின், ஓய்வு பெறுமாறு அறிவுறுத்தி, அது ஏற்கப்படாததால் விலகிவிட்டார். 1984இல் அலிக்குப் பார்க்கின்சன் நோய்க்குறி இருப்பது தெரியவந்தது.

டண்டியின் வாழ்வு நம் கேள்விக்கு இரு வகையில் விடை தருகிறது. 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனுக்கு எதிராக அலி கயிற்றில் சாய்ந்து நின்று அடிகளைத் தாங்கினார். கயிற்றை விட்டு வெளியே வா என்று டண்டி மூலையிலிருந்து கூவினார். அலி கேட்கவில்லை, எதிராளியைக் களைக்கவைத்து எட்டாம் சுற்றில் வென்றார். மூத்த பயிற்றுநரின் கணிப்பு அன்று தவறியது. மாணவரின் புதிய எண்ணமே வென்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 1994 நவம்பரில், அதே ஃபோர்மன் 45 வயதில் மைக்கேல் மூரரை வீழ்த்தி மீண்டும் உலகப் பட்டம் வென்றபோது, அவருடைய மூலையில் நின்றவர் 73 வயது டண்டி. முன்னாள் எதிராளியே தேடிச்சென்று பெறும் அளவுக்கு அம்முதியவரின் அறிவுக்கு மதிப்பு இருந்தது.

ஒரு நாள் தவறக்கூடியது. இன்னொரு நாள் உலகம் தேடி வரக்கூடியது: முதியவரின் அறிவை இவ்விரண்டும் கலந்ததாகவே ஏற்க வேண்டும். மேலும், அவர் செய்த செயல்களுள் மிகச் சிறந்தது எது என்று எம்மைக் கேட்டால், வெற்றி பெற்ற இரவுகளைக் காட்டிலும் 1980இல் போட்டியை நிறுத்திய அந்த இரவையே சொல்வோம். எப்போது நிறுத்துவது என்ற அறிவு இளம் பயிற்றுநரிடம் எளிதில் வாய்ப்பதில்லை.

மாற வேண்டியவை

மூத்த பயிற்றுநர்கள் தம் பாடத்தில் கட்டாயம் மாற்றிக்கொள்ள வேண்டியவற்றைப் பார்ப்போம்.

முதலாவது, தலை. அடி வாங்கி வாங்கித்தான் தாங்கும் வலிமை வரும் என்று பழைய களங்களில் நம்பினர். 1928ஆம் ஆண்டிலேயே ஹாரிசன் மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குத்துச்சண்டை வீரர்களின் மூளை தொடர் அடிகளால் கெடுவதை மருத்துவ இதழில் எழுதினார். 1982 நவம்பரில் கொரிய வீரர் கிம் டுக் கூ, ரே மான்சினியுடன் மோதிய சில நாள்களில் இறந்தார். அதன்பின் 15 சுற்றுகளாக இருந்த உலகப் பட்டப் போட்டிகள் 12 சுற்றுகளாகக் குறைக்கப்பட்டன. சண்டையிட நேரினும் முகத்தைத் தவிர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியுள்ளதை நாம் அறிவோம். மக்காவில் 1987இல் கூடிய இஸ்லாமிய ஃபிக்ஹு பேரவை, எதிராளிக்குக் கடும் காயம் விளைவிப்பதை ஆகுமாக்கிய இன்றைய குத்துச்சண்டை கூடாது என்று தீர்மானித்தது. உடற்பயிற்சியும் தற்காப்பும் அத்தடையின் நோக்கமன்று. தலையில் அடிப்பதையும் அடிபடுவதையும் கலையாகக் கருதுவதே தடுக்கப்பட்டது. “நாங்கள் இப்படித்தான் கற்றோம்” என்று சொல்லிப் பிள்ளைகளின் தலையில் அடிக்கும் பயிற்றுநர் எவ்வளவு மூத்தவராயினும் நம் மஹல்லாவுக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது, சட்டம். தற்காப்பு உரிமையை 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையான பிரிவுகளில் வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 34 முதல் 44 வரையான பிரிவுகளாயின. தேவைக்கு மேற்பட்ட தீங்கு செய்யலாகாது. காவல்துறையின் உதவியை நாட அவகாசம் இருக்கும்போது தானே கைநீட்டும் உரிமை இல்லை என்ற கொள்கை இரண்டிலும் ஒன்றே. எண் மாறியது, அளவு மாறவில்லை. ஆனால் இந்த அளவையே அறியாத பயிற்றுநர், தன்னைக் காத்துக்கொள்ளச் சென்ற பிள்ளையை வழக்கில் நிறுத்திவிடக்கூடும். நம் சமுதாய இளைஞர்களின் எதிர்காலம் ஒரு வழக்கால் எப்படிச் சிதையும் என்பதைப் பெற்றோர் நன்கறிவர்.

மூன்றாவது, பெண்பிள்ளைகள். பழைய களங்களில் அவர்களுக்கு இடமே இருந்ததில்லை. உஹதுப் போரில் நபி (ஸல்) அவர்களைக் காத்து நின்ற உம்மு உமாரா (ரலி) அவர்களைப் பற்றி மேடைதோறும் பேசும் நாம், பேருந்திலும் தெருவிலும் தொல்லைக்கு ஆளாகும் நம் பெண்பிள்ளைகளுக்கு என்ன கற்பித்தோம்? 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முறையாகச் சேர்க்கப்பட்டு, மேரி கோம் வெண்கலம் வென்றபோதுதான் பலருக்கு அக்காட்சி பழகியது. பெண்களுக்குப் பெண் பயிற்றுநர் வேண்டும். முதிய வாத்தியார் ஒருவர் தம் குடும்பத்துப் பெண் ஒருவருக்குத் தம் கலையைப் பழக்கி, அவர் வழியே கற்பிக்க முன்வருவாராயின் அது பெருந்தொண்டாகும்.

நான்காவது, ஆயுதம். கம்போடு வருபவனை எதிர்கொள்ளும் பாடம், திடீரென உருவப்படும் கத்திக்குப் பொருந்தாது. ஒருவர்க்கொருவர் என்ற முறையோடு மோதிய தெருக்கள் குறைந்து, பலர் கூடி ஒருவரைத் தாக்கும் நிலை வந்துவிட்டது. அங்கே கற்பிக்க வேண்டிய முதற்பாடம் விலகி ஓடுவது. அதனைக் கோழைத்தனம் என்று எள்ளும் ஆசானிடம் பிள்ளையை அனுப்பலாகாது.

மாறாதவை

இத்தனையும் மாறிய பின் முதியவரிடம் எஞ்சுவது என்ன என்று கேட்கலாம். எஞ்சுவது சிறிதன்று.

சிலம்பத்தில் முதலில் கற்பிப்பது காலடி. எத்தனை வீச்சு அறிந்தாலும் கால் தடுமாறினால் கம்பு பயன்படாது என்பர். குத்துச்சண்டையிலும் அப்படியே. மனித உடலின் எடையும் சமநிலையும் நூறாண்டில் மாறிவிடவில்லை. தவறாக நிற்கும் பிள்ளையை ஒரே பார்வையில் கண்டு, இரு விரலால் தோளைத் தொட்டுத் திருத்தும் ஆற்றல் பல்லாயிரம் உடல்களைப் பார்த்த கண்ணுக்கே வரும். காணொளியில் கற்பவரைத் திருத்த அத்தகைய கண் அங்கே இருப்பதில்லை.

அடுத்தது ஆளறிதல். இந்தப் பையன் பயத்தால் கற்க வந்தவன், இவன் வஞ்சம் தீர்க்க வந்தவன் என்று அனுபவமுள்ள வாத்தியார் சில நாள்களில் கண்டுகொள்வார். பழைய ஆசான்கள் கேட்டவர்க்கெல்லாம் எல்லாப் பாடத்தையும் உடனே திறந்து வைத்ததில்லை. தரையைப் பெருக்கவும் பொறுத்திருக்கவும் வைத்தே சோதித்தனர். கட்டணம் கட்டியவுடன் சேர்த்துக்கொள்ளும் இன்றைய வகுப்புகளில் இந்த வடிகட்டல் அருகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலானது கோபத்தை அடக்கும் பயிற்சி. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவனைவிட, கோபத்தின்போது தன்னை ஆள்பவனே வலியவன் என்ற நபிமொழியைச் சிறுவயதிலிருந்து கேட்டு வருகிறோம். கேட்பது எளிது. மூக்கில் அடிபட்டுக் கண்ணில் நீர் முட்டும் நொடியில் அதனைக் கடைப்பிடிக்கப் பழகுவதற்கு ஒரு களம் வேண்டும். அக்களத்தில் பல முறை கோபம் கொண்டு, பல முறை வருந்தி, இறுதியில் அடங்கிய ஒருவர் அருகில் நிற்க வேண்டும். அவர் பெரும்பாலும் முதியவராகவே இருப்பார்.

நாம் செய்யக்கூடியது

ஆகவே மஹல்லாக் கூட்டத்தில் எழும் கேள்விக்கு நம் விடை இது. முதியவரா, இளையவரா என்று பிரித்து வாக்கெடுக்க வேண்டாம். வாத்தியாரை மரியாதையோடு அழைத்து, அவருடைய களத்துக்குச் சென்று ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்போம். அவர் தலையில் அடிக்க அனுமதிக்கிறாரா? அடிபட்ட பிள்ளையை மருத்துவரிடம் அனுப்புகிறாரா? ஓடித் தப்புவதையும் பாடமாகச் சொல்கிறாரா? தமக்குத் தெரியாததைத் தெரியாது என்கிறாரா? அண்மையில் எதைப் புதிதாகக் கற்றார்? இவற்றுக்கு நல்ல விடை கிடைத்தால் அவருடைய வயது ஒரு நிஃமத். கிடைக்கவில்லையெனில், நன்றியோடும் பணிவோடும் அவரை அவையில் முன்வரிசையில் அமர்த்திவிட்டு, களத்தை வேறொருவரிடம் கொடுப்போம். இதே கேள்விகளைச் சான்றிதழோடு வரும் இளம் பயிற்றுநரிடமும் கேட்போம். சான்றிதழ் இவற்றுக்கு விடையாகாது.

இயலுமாயின் இருவரையும் ஒரே களத்தில் நிறுத்துவோம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மதிப்பெண், நடுவர், பாதுகாப்பு உடை என்று அக்கலை புதிய சட்டையை அணிந்துகொண்டிருக்கிறது. அதன் விதிகளை இளையவர் அறிவார். அதன் உயிரை முதியவர் அறிவார். ஒருவர் மற்றவருக்கு மாணவராக இருக்க வெட்கப்படாத களத்தில் நம் பிள்ளைகள் இரண்டையும் பெறுவர்.

பழைய ஜெயில் சாலை மதிலருகே போகும்போது அந்தக் கற்களை ஒருமுறை நின்று பாருங்கள். அவை நின்ற இடத்திலேயே நின்றன. உக்பா (ரலி) அவர்களோ முதுமையிலும் ஒரு இலக்கிலிருந்து மறு இலக்குக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நம் வாத்தியார்களுக்கும், நாளை அவர்களுடைய வயதை எட்டவிருக்கும் நமக்கும், கடைசிவரை கற்கும் மனத்தையும் கற்றதை நல்வழியில் பயன்படுத்தும் தவ்ஃபீக்கையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.